இன்ஸ்பெக்டர் வேஷம்

கோடம்பாக்கம், சென்னை
8.1.1984

அன்புள்ள அண்ணாவுக்கும் ராஜமேரி அண்ணிக்கும் தம்பி சவுரியப்பன் எழுதுவது.

கன்னம் வீங்கியிருக்கிறது. பயப்படாதீர்கள், தொழில் வீக்கம்தான். நேற்று ஒரு படத்தில் கதாநாயகனிடம் அறை வாங்கும் அடியாளாக நடித்தேன். அவருக்கு முகத்தைத் தொடாமல் அடிக்கத் தெரியவில்லை. பதினோரு தடவை எடுத்தார்கள், பதினொன்றும் நிஜ அறை. காதுக்குள் இன்னும் வண்டு ரீங்கரிக்கிறது. டைரக்டர், "இந்தாளு விழறது ரொம்ப இயற்கையா இருக்குய்யா" என்றார். இயற்கையாக இல்லாமல் எப்படி இருக்கும்?

இந்த மாதம் எத்தனை பேராக இருந்தேன் தெரியுமா? சபா நாடகத்தில் சனிக்கிழமை எழுபது வயதுத் தாத்தா, ஞாயிற்றுக்கிழமை அதே மேடையில் திக்குவாய் குமாஸ்தா. சினிமாவில் பிணம் தூக்குகிறவன், கண் தெரியாத பிச்சைக்காரன், இப்போது அடியாள். எந்தப் போஸ்டரிலும் என் முகம் கிடையாது. ஆனால் நாடகம் முடிந்ததும் "அந்தத் தாத்தா யாரு?" என்று தேடி வருகிறார்கள். அந்தத் தாத்தா வேறு யாருமில்லை, நீங்கள் எழுதிய மாட்டு டாக்டர்தான். ஊசி போடுவதற்கு முன் மாட்டிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எழுதியிருந்தீர்களே, அதை மேடையில் பேரனிடம் செய்தேன். ஒரே கைதட்டல்.

அடுத்து மண்டித் தரகர் வேஷம். பாலக்கோடு தக்காளி மண்டியில் அந்தத் தொப்பைக்காரத் தரகர் எப்படி நிற்கிறார், கையை எங்கே வைக்கிறார், எதிராளி பேசும்போது எங்கே பார்க்கிறார் என்று எழுதுங்கள். மொரப்பூரில் ரயிலேறிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இங்கே ஒருவனைப் பார்த்துத்தான் இன்னொருவன் நடிக்கிறான். நான் உங்கள் கண்ணை வைத்துப் பிழைக்கிறேன்.

சவுரி


மரியே வாழ்க
22.1.1984

தம்பி சவுரி,

வாங்குகிற அறையைக் கொஞ்சம் இடது பக்கமும் வாங்கு, முகம் சமமாக இருக்கும் என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள்.

தரகர் தக்காளியைக் கையால் தொடவே மாட்டார். செருப்பு முனையால் கூடையை ஒரு தட்டு, அவ்வளவுதான். கையை எதிராளியின் தோளில் போட்டிருப்பார். விலை இறங்க இறங்க அந்தக் கை கனக்கும். பேசுகிறவன் முகத்தைப் பார்க்காமல் அவன் சட்டைப் பையைப் பார்ப்பார். போதுமா?

இங்கே நிலைமை சரியில்லை. வத்தல்மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வரும் நாகனையும் அவன் பெண்டாட்டி முனியாயியையும் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மூன்று வருஷமாக நம் கொல்லையில்தான் குடிசை போட்டிருக்கிறார்கள். போன வியாழக்கிழமை வெட்டு நடக்கும்போது மேஸ்திரி, கட்டு சரியில்லை என்று முனியாயியின் முடியைப் பிடித்து இழுத்துத் தோகையில் தள்ளி மிதித்தான். அவள் மூன்று மாதக் கர்ப்பம். கரு அங்கேயே போய்விட்டது. நாகன் கரும்புக் கத்தியால் ஒரே வீச்சு. மேஸ்திரியின் நான்கு விரல்கள் கரும்போடு கரும்பாகக் கிடந்தன. மேஸ்திரிக்குப் பெரிய இடத்துச் சொந்தம் உண்டு. போலீஸ் நாகனைத் தேடுகிறது.

அவன் எங்கே என்று நீ கேட்காதே. நானும் எழுதவில்லை.

சின்னப்பன்


மரியே வாழ்க
19.2.1984

தம்பி,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு. பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. நடுவில் தட்டி இருந்தாலும் சாமியாருக்கு என் குரல் தெரியும். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்க சின்னப்பன், டீ சாப்பிட்டீங்களா?" என்றார். சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். தன் வாட்சைக் கழற்றினார். அதை என் கையில் கட்டினார்.

"மாமனார் வீட்ல போட்டது. ஒடையாம பாத்துக்க" என்றார்.

அப்புறம் லத்தியை எடுத்தார். அடி விழுந்தால் கை தானாகத் தலைக்குப் போகும் இல்லையா? என் கை போகவில்லை. வாட்ச் உடைந்தால் என்ன ஆகுமோ என்று கையை வயிற்றுக்குள் ஒடுக்கிக்கொண்டு முதுகையும் தலையையும் கொடுத்தேன். என் உடம்பை விட்டுவிட்டு அந்த ஆளுடைய வாட்சைக் காப்பாற்றினேன், தம்பி. அதை நினைத்தால்தான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நடுநடுவே நிறுத்தி, "மணி என்னா?" என்பார். பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணில் ரத்தம் இறங்கி முள் தெரியாமல் தப்பாகச் சொன்னால் உள்ளங்காலில் அடி. இரண்டு பல் போய்விட்டது. ஒரு கால் நகம் இல்லை.

கடைசியாகக் கேட்டபோது, "நாலு பத்துங்க" என்றேன். அதே மூச்சில், "ஏரிக்கரைக் காளவாயில இருக்கறானுங்க. நான்தான் சோறு கொண்டு போறனுங்க" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். பாழடைந்த அந்தச் சுண்ணாம்புக் காளவாய்க்குள் அவன் இருந்தது எனக்கும் முனியாயிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது" என்றார்.

அன்று மாலையே நாகனைப் பிடித்தார்கள். வெள்ளிக்கிழமை கல்குவாரிப் பள்ளத்தில் கிடந்தான். தப்பி ஓடும்போது விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். விழுந்தவனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் ஒரே மாதிரி எப்படிக் காயம் வரும்?

வார்ப்பட்டை அழுந்திய தடம் இருந்த என் மணிக்கட்டைப் பார்த்து ஊர் முழுக்கக் கேட்டார்கள். வாட்ச் கட்டி அடித்த கதையைச் சொன்னேன். நான் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன். அப்படியானால் போலீசுக்கு எப்படித் தெரிந்தது? முந்தின நாள் முனியாயி அங்கே அடுப்பு மூட்டி அவனுக்குக் களி கிண்டிக் கொடுத்திருக்கிறாள். "பொகய பாத்து மாடு மேய்க்கறவங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள், அடுப்பு மூட்டிய கை இதுதானே என்று, வலது கையைக் கொள்ளிக்கட்டையில் வைத்து அழுத்திவிட்டாள். தோல் உரிந்து தொங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையோடு அவள் என் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போடுகிறாள். "எங்களுக்காக இம்மா அடி வாங்கனியே அண்ணா" என்று அழுகிறாள்.

கிழித்துவிடு.

சின்னப்பன்


கோடம்பாக்கம்
27.2.1984

அண்ணா,

ஒத்திகையில் வசனம் மறந்து நின்றேன். எனக்கு அது நடந்ததே இல்லை. அந்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் வாட்சோடு சேர்த்து மணிக்கட்டையே கழற்றிவிடுவேன். நீங்கள் செய்ததில் தப்பு இல்லை. ஆறு மணி நேரம் யார் தாங்குவார்? நான் ஆறு நிமிஷம் தாங்கமாட்டேன்.

முனியாயியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாமல் இருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒன்று கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வாட்சைக் கட்டும்போது உங்களைப் பார்த்தாரா, வார்ப்பட்டையைப் பார்த்தாரா? எந்தக் கையில் கட்டினார்? "ஓடுது" என்றபோது சிரித்தாரா? கேட்கக் கூடாதுதான். கேட்காமல் தூக்கம் வரவில்லை.

சவுரி


மரியே வாழ்க
11.3.1984

சவுரி,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கிழித்துப் போட நினைத்தேன். அப்புறம் எப்படியோ பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷப் பழக்கம்.

இடது கை. வார்ப்பட்டையைத்தான் பார்த்தார். ஓட்டை சேராததால் என் மணிக்கட்டைத் தன் முழங்காலில் வைத்து, நிதானமாக, பிள்ளைக்குக் கட்டிவிடுவது போலக் கட்டினார். சிரிக்கவில்லை. நிம்மதியாக இருந்தார். லத்தியை உருட்டித் துடைக்கும்போது மூக்கால் ஏதோ முனகினார்.

இதோடு இதைப் பற்றிக் கேட்காதே.

சின்னப்பன்


கோடம்பாக்கம்
20.11.1985

அன்புள்ள அண்ணா,

தீபாவளிக்கு வந்த படத்தைப் பற்றிப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கொடூர இன்ஸ்பெக்டர் நான்தான். முதல் தடவையாகப் போஸ்டரில் என் முகம், அதுவும் கதாநாயகனுக்குப் பக்கத்தில். மதுரையில் ஒரு பெண் திரையைப் பார்த்துச் செருப்பு வீசினாளாம். நேற்று சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என் மேல் துப்பினார். பன்னிரண்டு வருஷத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி மறைத்துப் பயனில்லை. வாட்சை எடுத்துக்கொண்டேன். ஸ்கிரிப்டில் "இன்ஸ்பெக்டர் அடிக்கிறார்" என்று ஒரு வரிதான் இருந்தது. காமிரா முன்னால் நின்றபோது என் கை தானாக வாட்சைக் கழற்றியது. டைரக்டர் விடாமல் கேட்டார், அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று. எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தைக் கிழித்துவிட்டேன், அண்ணா, சத்தியமாகக் கிழித்துவிட்டேன். ஆனால் வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். ஒரு காட்சி மூன்று காட்சி ஆகிவிட்டது. அடி வாங்குகிறவன் கடைசியில் சொல்லிவிடுகிறான். அது இல்லாவிட்டால் காட்சி நிற்காது என்றார். ஈரோட்டுப் பக்கம் ஒரு காளவாய் வேறு அமைந்துவிட்டது.

பேரை எல்லாம் மாற்றியாயிற்று. அது நீங்கள் என்று யாருக்குத் தெரியப் போகிறது? பொங்கலுக்குப் பாலக்கோட்டுக்கு வருமாம். கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள், பார்க்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

சவுரி


17.1.1986

சவுரி,

பார்த்தேன். உன் கடிதத்தை ராஜமேரிக்குக்கூடக் காட்டவில்லை. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தம்பி படத்துக்கு அண்ணன் வராமல் எப்படி என்று ஊரே வந்து இழுத்தது. இரண்டு டிராக்டர் டிரெய்லரில் மாட்டினிக்குப் போனோம். நாகன் போன பிறகும் நம் கொல்லையிலேயே இருக்கும் முனியாயியையும் ராஜமேரி கூட்டி வந்து பெண்கள் பக்கம் உட்காரவைத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

நீ வந்ததும் விசில். நீ வாட்சைக் கழற்றியதும் "நம்ம சின்னப்பன் கததான்டா இது!" என்று நம் ஊர்ச் சவரிமுத்து கத்தினான். ஆண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். முழங்காலில் கையை வைத்துக் கட்டினாய். லத்தியைத் துடைக்கும்போது மூக்கால் முனகினாய். என் முதுகு மறுபடி எரிந்தது. நீ என் தம்பி என்பதே எனக்கு மறந்துவிட்டது. எழுந்து ஓடப் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பையன் "நாலு பத்துங்க" என்றான். "காளவாயில இருக்கறானுங்க. நான்தான் சோறு கொண்டு போறனுங்க" என்றான். ஒரு எழுத்து மாறவில்லை.

பெண்கள் பக்கம் முனியாயி எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள், "ஏய், உக்காரு!" என்று கத்தினார்கள். அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

திரும்பி வரும்போது டிரெய்லரில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. வாசலில் இறங்கியதும் என் எதிரில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, பொகயால இல்லயா?"

நான் தலையைக் குனிந்தேன். அவள் அந்தக் கருகிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அதே கையால் தெருமண்ணை அள்ளி என் வாயில் திணித்தாள். ஊரே பார்த்தது. நான் துப்பவில்லை. அவள் குடிசைக்குப் போய்க் கூரையில் செருகியிருந்த கரும்புக் கத்தியை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றோடு இரண்டு நாள். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

போலீஸ் அடித்தபோது எனக்கு வீடு இருந்தது, திரும்பி வந்தேன். இப்போது எங்கே திரும்புவது? இனி எனக்கு எழுதாதே.

சின்னப்பன்


கோடம்பாக்கம்
2.2.1986

அண்ணா,

எழுதாதே என்றீர்கள். அண்ணியின் தந்தி வந்த பிறகு எப்படி எழுதாமல் இருப்பேன்? தோளில் வெட்டு, எலும்பு தெரிகிறது, ஆஸ்பத்திரி என்று மட்டும் இருந்தது. பின்னால் வந்த கார்டில், நீங்கள் தனியாக முனியாயியின் குடிசைப் பக்கம் போனீர்கள், அரை மணி கழித்து வரப்பில் ரத்தத்தில் கிடந்தீர்கள் என்று எழுதியிருக்கிறார்.

உடனே வர முடியவில்லை. நாளைக்கும் மறுநாளும் ஷூட்டிங். ஆறு படம் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. ஆறிலும் இன்ஸ்பெக்டர். தாத்தாவும் குமாஸ்தாவும் பிச்சைக்காரனுமாக இருந்தவனை இனி ஒருத்தரும் கூப்பிடப் போவதில்லை. காக்கிச் சட்டையோடு கட்டிப்போட்டுவிட்டார்கள். நான் செய்ததற்கு இது போதாது என்று நீங்கள் சொல்வீர்கள்.

அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். கைதட்டு வாங்கச் செய்தேன். உங்கள் முதுகை விற்றேன்.

ஆனால் வெட்டியவளை விட முடியாது. படம் பார்த்துவிட்டுப் பெரிய போலீஸ் அதிகாரிகள் எனக்குச் சிநேகிதர்கள் ஆகியிருக்கிறார்கள். ஒரு போன் போதும். அவள்தானே? அந்தப் பேரை மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சவுரி


20.2.1986

சவுரி,

இடது கையால் எழுதுகிறேன். வலது கை இனி தோளுக்கு மேலே போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்து கோணலாக இருக்கும்.

நீயும் பேர் கேட்கிறாய். எல்லாருக்கும் என்னிடம் பேர்தான் வேண்டும்.

குடிசைக்குப் போனது உண்மை. காலை நேரம்தான். புகையால் இல்லை, என்னால்தான் என்று என் வாயால் சொல்லப் போனேன். சினிமாவில் எவனோ ஒருத்தன் சொன்னதை அவள் கேட்டாள், நான் இன்னும் சொல்லவே இல்லையே. சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்கு வேண்டாம்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு அந்த இன்ஸ்பெக்டரே வந்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார். "உன் தம்பி படத்த ரெண்டு தடவ பாத்தன். என் சம்சாரம்கூட, அப்படியே நீங்கதான்னு சொல்லிச்சி. ஆனா மூக்கால பாடறன்னு காட்டனது கொஞ்சம் ஜாஸ்தி" என்று சிரித்தார். பிறகு, "யாரு வெட்டனது?" என்றார்.

"விழுந்துட்டனுங்க. கையில கத்தி இருந்துச்சி" என்றேன்.

"அந்த மலக்காரிதான?"

"விழுந்துட்டனுங்க."

கட்டுப் போட்ட தோளில் கட்டைவிரலை வைத்தார். "போன தடவ ஆறு மணி நேரம் தாங்கன. இப்ப வயசாயிடிச்சி, சீக்கிரம் சொல்லிடு" என்று அழுத்தினார். தையல் விட்டுப் போவது எனக்குள்ளே தெரிந்தது. துணி சிவந்து அவர் விரல் நனைந்தது. மறுபடி கேட்டார். விழுந்துவிட்டேன் என்றேன். மறுபடி அழுத்தினார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நர்சம்மா வந்து கூச்சல் போட்ட பிறகுதான் எழுந்தார். என் போர்வையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முனியாயி வார்டு வாசல் வரைக்கும் வந்தாளாம். உள்ளே வரவில்லை. "போலீசுக்கு என்னா சொன்னாரு?" என்று நர்சம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "விழுந்துட்டன்னு சொன்னாரு" என்று அந்தம்மா சொல்லியிருக்கிறார். அப்படியே மலைக்குப் போய்விட்டாள். குடிசை காலி. மன்னித்துவிட்டாள் போல என்று ராஜமேரி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னிப்புக்காக நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை.

நீ யாருக்கும் போன் செய்யக் கூடாது. செய்தால் எனக்குத் தம்பி இல்லை.

இப்போது நீ என்ன கேட்க நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அவர் அழுத்தும்போது நான் எங்கே பார்த்தேன், வாயை எப்படி வைத்திருந்தேன், சத்தம் வந்ததா வரவில்லையா. எழுத மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

உன் அண்ணிக்கு உன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. திட்டுவாள், சோறும் போடுவாள். வர வேண்டும் என்று தோன்றினால் வா. வந்தால் என் பக்கத்தில் உட்கார். என்னைப் பார்க்காதே.

சின்னப்பன்